புதுக் கிழங்கும் புது பெலனும்



 உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் நீலகிரி மலையிலுள்ள இந்த மருத்துவமனையின் ஊழியம் தடையின்றி நடந்து வருவதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

மருந்தைப் பற்றியும், புதிய வார்டைப் பற்றியும், தாதியர் பயிற்சியைப் பற்றியும் எழுதுவது இம்மடலின் வழக்கம். இம்முறை உருளைக்கிழங்கைப் பற்றி எழுதுகிறோம். நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு சிறு பங்கு விதைக்கிழங்காகவும் மண்வெட்டியாகவும் மாறி நோயாளிகளின் வீடுகளுக்குப் போகிறது. "வைத்தியம் பார்க்கிற இடத்துக்கு விவசாயம் எதற்கு?" என்று சில சபைகளில் எங்களைக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவும், தங்கள் வீட்டுத் தோட்டத்தில் நட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழிகாட்டியாகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மாத்திரையும் பசியும்

காசநோய்க்குச் சாதாரணமாக 6 மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் காய்ச்சல் தணிகிறது. சில வாரங்களில் அற்றுப்போயிருந்த பசி திரும்பி வருகிறது. மருத்துவர்கள் இதை நல்ல அடையாளமாகப் பார்க்கிறார்கள். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் நாள்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறவர்கள் வீட்டில் அதுவே ஒரு பாரமாகிவிடுகிறது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. பசி வந்திருக்கிறது, அரிசி வாங்கப் பணம் இல்லை.

லைன் வீடு ஒன்றில் படுத்திருந்த ஒரு தாயாரைச் சந்தித்து ஜெபிக்கப் போனபோது அவர் சொன்ன வார்த்தை எங்கள் மனதில் தைத்தது. "ஐயா, மாத்திரை போட்டா பசிக்குது. பசிச்சா சாப்பிட என்ன இருக்கு? அதான் ரெண்டு நாளா போடல" என்றார். மருந்தின் மேல் அவருக்கு வெறுப்பில்லை. பிள்ளைகளின் தட்டில் இருப்பதைப் பங்குபோட மனம் வராமல் மாத்திரையை நிறுத்தியிருந்தார். இப்படி நடுவில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காத வடிவில் திரும்பி வரக்கூடும். வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடும்.

உணவும் காசநோயும் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல ஆதாரம் உண்டு. ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலியவற்றைக் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. 10,000க்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வந்தவர்களின் எண்ணிக்கை சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. அரசாங்கமும் இதை உணர்ந்து 2018 முதல் காசநோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. அது நல்ல உதவி. ஆனாலும் ஒரு குடும்பத்தின் அடுப்பு மாதம் முழுவதும் எரிய அது போதாது. லைன் வீட்டின் பின்னால் கிடக்கும் அரை சென்ட் நிலம் இந்த இடத்தில்தான் துணைக்கு வருகிறது.

ஏன் புதுக் கிழங்கு?

உருளைக்கிழங்கு முற்றி விளைய 100 முதல் 120 நாட்கள் ஆகும். வியாபாரத்துக்கும் சேமிப்புக்கும் அந்தக் கிழங்குதான் ஏற்றது. ஆனால் நட்ட சுமார் 70ஆம் நாளிலேயே, இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே, மண்ணுக்குள் கோழிமுட்டை அளவில் இளங்கிழங்குகள் இருக்கும். இவற்றையே புதுக் கிழங்கு என்கிறோம். இது தனி ரகம் அல்ல. எந்த ரகத்தையும் இளமையில் தோண்டினால் புதுக் கிழங்குதான். தோல் மெல்லிசாக இருக்கும். பெருவிரலால் தேய்த்தாலே உரிந்து வரும். நீர்ச்சத்து அதிகம், மாவு குறைவு, சுவை சற்று இனிப்பு.

6 மாதச் சிகிச்சை என்பது 180 நாட்கள். முதல் மாதத்தில் நட்டால் மூன்றாம் மாதம் முடிவதற்குள் புதுக் கிழங்கு கைக்கு வந்துவிடும். மருந்தை நிறுத்திவிடத் தோன்றும் நடுமாதங்களில் வீட்டில் கிழங்கு இருக்கும். முற்றிய விளைச்சலுக்காக 4 மாதம் காத்திருக்கும் வசதி விவசாயிக்கு உண்டு. பசித்த வீட்டுக்கு இல்லை. இளமையில் தோண்டுவதால் எடை குறையத்தான் செய்யும். தெரிந்தேதான் அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறோம்.

கிழங்கு மலைக்கு வந்த கதை

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்த கிழங்கு இது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் மூலம் ஐரோப்பாவுக்குப் போனது. வேதாகமத்தில் உருளைக்கிழங்கு இல்லை. வேதாகம தேசத்தார் அதை அறிந்திருக்கவில்லை. ஆயினும் திருச்சபைக்கும் இதற்கும் ஒரு பழைய உறவு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் நார்வே நாட்டின் கிராம குருமார்கள் பலர் தங்கள் தோட்டத்தில் இதை நட்டுக் காட்டி, சபையாருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஹெர்ட்ஸ்பெர்க் என்ற குருவானவர் 1763இல் விவசாயிகளுக்காக இதைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். அப்படிப்பட்டவர்களை அந்நாட்டார் 'உருளைக்கிழங்குக் குருமார்' என்றே அழைத்தார்கள். ஆகவே மருத்துவமனை ஆயர் மண்வெட்டி பிடிப்பது புதுமையல்ல!

நீலகிரியில் இக்கிழங்கைப் பரப்பியவர்களில் முக்கியமானவர், 1820களில் உதகையை உருவாக்கிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். படுகர் இன மக்கள் அதைத் தங்கள் பயிராகவே ஏற்றுக்கொண்டார்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி இங்கே தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்கும் இது அறியாத பயிரல்ல. நுவரெலியா பக்கத்து மலைகளில் விளையும் கிழங்குதானே! எங்கள் நோயாளிகளில் பலர் இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பாட்டிமார் சில காரியங்களை எங்களைவிட நன்றாக அறிவார்கள்.

நடுவதற்கு முன்

முதலில் ஒரு அடிப்படை உண்மையைச் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கு வேர் அல்ல. மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி பருத்ததே கிழங்கு. அதிலுள்ள 'கண்கள்' எல்லாம் மொட்டுகள். இதை நினைவில் வைத்தால், பின்னால் சொல்லப்போகும் மண் அணைப்பும், வெளிச்சம் படாமல் காப்பதும் ஏன் என்று தானாக விளங்கும்.

இரவு குளிர்ச்சியாக இருந்தால்தான் கிழங்கு நன்றாகப் பிடிக்கும். இரவின் வெப்பம் 20 டிகிரிக்கு மேலே ஏற ஏற, செடி இலைவிட்டுத் தழைக்குமே தவிரக் கிழங்கு குறையும். ஆகவே நீலகிரியில் ஜனவரி–பிப்ரவரி, மார்ச்–ஏப்ரல், ஆகஸ்ட்–செப்டம்பர் ஆகிய மூன்று பருவங்களில் நடலாம். சமவெளியில் இருக்கும் அன்பர்கள் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் முயலலாம். ஓசூர், தாளவாடி போன்ற மேட்டு நிலங்களில் நன்றாக வரும். கடலோர ஊர்களில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

விதைக்கிழங்கு 40 முதல் 50 கிராம் எடையில், நோயில்லாததாக இருக்க வேண்டும். கடையில் சமையலுக்கு வாங்கிய கிழங்கை நடுவது நல்லதல்ல. அதில் நோய் ஒளிந்திருக்கலாம். முளைக்காதிருக்க மருந்து போட்டு வைத்ததாகவும் இருக்கலாம். விதைக்கிழங்கை நடுவதற்கு 3, 4 வாரங்களுக்கு முன்பே தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, நேர் வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் படும் இடத்தில் வைத்தால் குட்டையான தடித்த முளைகள் வரும். இருட்டில் வைத்தால் வெளுத்து நீண்ட முளைகள் வரும். அவை கை பட்டாலே ஒடியும். முளைகட்டி நட்டால் புதுக் கிழங்கு சில நாட்கள் முந்தியே கிடைக்கும். பெரிய கிழங்கானால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கும்படி வெட்டி, வெட்டுவாய் காயும்வரை ஓரிரு நாள் நிழலில் வைத்து நட வேண்டும்.

சமவெளி அன்பர்களுக்கு இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீலகிரிக்குச் சுற்றுலா வந்து திரும்பும்போது இங்குள்ள கிழங்கை விதைக்காக எடுத்துச் செல்ல வேண்டாம். 1961இல் இம்மலையில் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரிவதே அரிதான இப்புழுவின் கூடுகள் மண்ணில் 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணே போதும், புது ஊருக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதனால்தான் இங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோக அரசாங்கம் தடை விதித்திருக்கிறது. உங்கள் ஊர்த் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்து விதை வாங்குங்கள். எங்கள் மலைக்குள் நடுவதற்கு, நூற்புழுவைத் தாங்கும்படி முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தாரின் உழைப்பால் உருவாகி 1985இல் வெளிவந்த குஃப்ரி சுவர்ணா போன்ற ரகங்கள் உண்டு.

நடவும் பராமரிப்பும்

மண் பொலபொலப்பாக, நீர் தேங்காததாக, சற்றுப் புளிப்புத் தன்மை உள்ளதாக இருக்க வேண்டும். நன்றாக மக்கிய தொழு உரத்தையே போட வேண்டும். பச்சைச் சாணமும் சுண்ணாம்பும் போட்டால் கிழங்கின் தோலில் சொறி விழும். பார்களுக்கு இடையே 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. விட்டு, ஒரு கையகல ஆழத்தில், முளை மேலே பார்க்கும்படி வைத்து மூட வேண்டும்.

கணக்குப் பார்ப்போம். 1 சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். இந்த இடைவெளியில் அதில் 450 செடிகள் வரும்; 20 கிலோ விதைக்கிழங்கு வேண்டும். எங்கள் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் அரை சென்ட்தான் இருக்கும். ஆகவே 10 கிலோ. ஹெக்டேருக்கு 15 முதல் 20 டன் என்பது நல்ல விளைச்சல். அந்தக் கணக்கில் அரை சென்டில் முற்றிய கிழங்கு 30 முதல் 40 கிலோ வரும். இளமையில் எடுப்பதானால் அதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். ஆகவே பாதிச் செடிகளைப் புதுக் கிழங்குக்கும், மீதியை முற்றவிடுவதற்கும் ஒதுக்கும்படி சொல்கிறோம். நிலமே இல்லாதவர்கள் பழைய சாக்கின் வாயை மடித்துவிட்டு, பாதிவரை மண்ணும் எருவும் நிரப்பி, இரண்டு மூன்று கிழங்குகளை நடலாம். செடி வளர வளரச் சாக்கை நிமிர்த்தி மண்ணைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். அடியில் நீர் வடிய ஓட்டைகள் அவசியம்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் இரு பக்கமும் மண்ணை இழுத்துத் தூரோடு அணைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை அணைக்க வேண்டும். அப்போது கொத்து ஆழமாக இறங்கக்கூடாது. பக்கத்தில் ஓடும் இளந்தண்டுகள் அறுந்துபோகும். மண் அணைத்தால் கிழங்குக்கு இடம் கிடைக்கும், வெயிலும் படாது. மொட்டு வைக்கும் காலத்திலிருந்து நீர் சீராகக் கிடைக்க வேண்டும். காயவிட்டுப் பிறகு வெள்ளம்போல் ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். ஜனவரியில் நட்ட பயிருக்கு உறைபனி பகை; பனி விழும் இரவுகளில் பழைய சேலையோ வைக்கோலோ போட்டு மூடலாம். காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கிழங்கு மணத்துக்கு வரும். ஆகவே வீட்டுச் சுவரை ஒட்டிய இடமே பாதுகாப்பு.

உருளைக்கிழங்கு எடுத்த இடத்தில் மறுபடியும் அதையே நடக்கூடாது. 3 ஆண்டாவது இடைவெளி வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவையும் அதே குடும்பமாகையால் அவையும் வேண்டாம். பீன்ஸ், பட்டாணி, கேரட், பூண்டு, கோஸ் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போடலாம்.

கருகல் நோய்

மூடுபனியும் தூறலும் தொடர்ந்து நான்கு நாள் இருந்தால் தினமும் இலையைப் பார்க்க வேண்டும். இலை ஓரத்தில் நீர் கோத்ததுபோன்ற கரும்புள்ளிகளும், அடிப்பக்கத்தில் வெண்பூசணமும் கண்டால் அது பின்பருவ இலைக்கருகல் நோய். அது சில நாட்களில் பாத்தி முழுவதையும் கருக்கிவிடும். 1845 முதல் அயர்லாந்து தேசத்தில் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியது இதே நோய்தான். சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் மாண்டார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் மக்கள் தேசத்தைவிட்டுப் போனார்கள். ஏழைகள் ஒரே பயிரை, அதிலும் பெரும்பாலும் ஒரே ரகத்தை நம்பியிருந்ததும், விளைந்த தானியம் அப்போதும் கப்பலேறி வெளியே போய்க்கொண்டிருந்ததும் அந்தத் துன்பத்தைப் பெருக்கின. ஆகையால் எங்கள் நோயாளிகளின் பாத்தியில் கிழங்குக்குப் பக்கத்தில் அவரையும் கீரையும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்கிறோம்.

ஆரம்பத்திலேயே கண்டால் தோட்டக்கலை அலுவலரைக் கேட்டு மருந்து தெளிக்கலாம். பரவிவிட்டால் தழையை அடியோடு அறுத்து அப்புறப்படுத்தி, 2 வாரம் பொறுத்துக் கிழங்கைத் தோண்ட வேண்டும். உடனே தோண்டினால் இலையிலுள்ள நோய் கிழங்கில் ஒட்டி, வைத்த இடத்திலேயே அழுகும். புதுக் கிழங்கில் இங்கே ஒரு நன்மை உண்டு: கடும் மழை வருமுன்னே பாதியை எடுத்துச் சாப்பிட்டிருப்போம்.

தோண்டும் முறை

சில ரகங்கள் பூக்கும். சில பூக்காமலே மொட்டை உதிர்த்துவிடும். ஆகவே பூவை மட்டும் நம்பாமல் நாளைக் கணக்கிடுங்கள். 65ஆம் நாள் வாக்கில், மண் உலர்ந்திருக்கும் ஒரு காலையில், ஒரு செடியின் பக்கத்து மண்ணைக் கையால் மெதுவாக விலக்கித் தடவிப் பாருங்கள். கோழிமுட்டை அளவு இருந்தால் வேளை வந்துவிட்டது.

இரண்டு வழிகள் உண்டு. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுப்பது ஒன்று. செடியைப் பிடுங்காமல், செடிக்கு இரண்டு மூன்று கிழங்கைத் தடவி எடுத்துவிட்டு மண்ணைத் திரும்ப அணைத்து நீர் விட்டால், மீதியுள்ளவை தொடர்ந்து பருக்கும். தினம் சமைக்கிற வீட்டுக்கு இதுவே உகந்தது. மற்றது, செடியையே தோண்டுவது. தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி முள்மண்வெட்டியை இறக்கி நெம்பி, பிறகு கையால் பொறுக்க வேண்டும். தூரை ஒட்டிக் குத்தினால் கிழங்கில் வெட்டு விழும்.

புதுக் கிழங்கு நாள்பட நிற்காது. மண்ணோடு இருட்டில் வைத்து, சமைக்கும்போது கழுவி, நாலைந்து நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். சேமிப்புக்கு விட்ட பாதியை, தழை மஞ்சளாகிச் சாயும்வரை விட்டு, தழையை அறுத்துவிட்டு 10 முதல் 15 நாள் கழித்துத் தோண்ட வேண்டும். அதற்குள் தோல் முற்றிவிடும். விரலால் தேய்த்தாலும் உரியாது. நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான இருட்டறையில் வைத்தால் பல வாரங்கள் நிற்கும்.

பச்சைக் கிழங்கு ஆகாது

இந்தப் பகுதியை மட்டுமாவது உங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் வாசித்துக் காட்டுங்கள். வெளிச்சம் பட்ட கிழங்கின் தோல் பச்சையாகும். அந்தப் பச்சை நிறம் தன்னில் தீங்கற்றது. ஆனால் அதே வெளிச்சம் சோலனின் போன்ற நச்சுப் பொருட்களையும் பெருகச் செய்கிறது. வேகவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. வாந்தி, வயிற்றுவலி, பேதி, தலைவலி வரும். அதிகமானால் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். சிறிது பச்சை இருந்தால் ஆழமாகச் சீவி எறியலாம். முழுதும் பச்சையாக இருந்தாலோ, கசந்தாலோ, மிகவும் முளைத்திருந்தாலோ அப்படியே குப்பைக்குப் போகட்டும். விலை மலிவு என்று பச்சைக் கிழங்கை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். இலையும், சிறு தக்காளிபோல் தொங்கும் காயும்கூட விஷமே. விளையாட்டாகக் குழந்தை தின்றுவிட்டால் கைவைத்தியம் பாராமல் உடனே மருத்துவரிடம் வர வேண்டும்.

தட்டில் வைக்கும்போது

வேகவைத்த கிழங்கு 100 கிராமில் சுமார் 80 கலோரி சக்தி, 2 கிராம் புரதம், ஓரளவு வைட்டமின் சி, நல்ல அளவு பொட்டாசியம் உண்டு. தோலோடு வேகவைத்தால் சத்து குறைவாகவே வீணாகும். ஆனால் இதுமட்டும் நோயாளியைத் தேற்றாது, புரதம் வேண்டும். படுகர் வீடுகளில் அவரைக்கொட்டையும் கிழங்கும் சேர்த்துக் குழம்பு வைப்பார்கள். எங்கள் உணவு ஆலோசகர் கேட்பதும் அதையேதான்: கிழங்கோடு பருப்போ, பயறோ, முட்டையோ இருக்கட்டும்.

சர்க்கரை நோயாளிகள் சோற்றோடு கூடுதலாகக் கிழங்கை வைக்காமல், சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் அளவாக வைக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். அவர் அனுமதித்தால் தோல் சீவிச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

தாய்க்கிழங்கு

முன்பு சொன்ன தாயாரின் வீட்டில் மாமியாரும் மூத்த மகனும் சேர்ந்து அரை சென்டில் நட்டார்கள். அவர் திண்ணையில் உட்கார்ந்து வழிசொன்னார். மாத்திரை மறுபடியும் தொடங்கியது. எங்கள் தாதியர் வாரந்தோறும் போய்ப் பார்த்தார்கள். நீங்கள் அனுப்பிய பணத்தில் அரிசியும் பருப்பும் முதல் இரண்டு மாதம் போயின. மூன்றாம் மாதம் முதல் கிழங்கு எடுத்தார்கள். சிகிச்சை முடிந்து சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. கிழங்கு அவரைக் குணமாக்கவில்லை. மருந்து குணமாக்கியது, கர்த்தர் குணமாக்கினார். ஆனால் மருந்தை விடாமல் சாப்பிடக் கிழங்கு கைகொடுத்தது.

செடியைத் தோண்டும்போது புதுக் கிழங்குகளின் நடுவே சுருங்கி, கறுத்து, கூடாகிப்போன ஒரு பழைய கிழங்கு கையில் தட்டுப்படும். நாம் நட்ட தாய்க்கிழங்கு அதுதான். தன்னிடமிருந்த மாவை முளைக்குக் கொடுத்துக் கொடுத்து அது கரைந்துபோயிருக்கிறது. யோவான் எழுதின சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் நிலத்தில் விழுந்து சாகிற கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னதை மலைவாசிகளுக்குப் பிரசங்கிக்கும்போது, நாங்கள் இந்தத் தாய்க்கிழங்கையே எடுத்துக் காட்டுவது உண்டு. கோதுமையைக் காணாதவர்களும் உடனே புரிந்துகொள்கிறார்கள். தன் மருந்துப் பசியைப் பிள்ளைகளுக்காக அடக்கின அந்தத் தாயை நினைக்கும்போது எங்களுக்கு ஒன்று தோன்றுகிறது: தாய்க்கிழங்காய் இருக்கிறவர்களை மண்ணில் தனியே விட்டுவிடாமல் எருவும் நீரும் சேர்ப்பது சபையின் கடமை.

மோசேயின் நியாயப்பிரமாணம் வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைக்கச் சொல்லுகிறது. ரூத் அப்படித்தான் பிழைத்தாள். உங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் காய்கறிகள் ஏலம் போகும்போது, ஒரு கூடைக் கிழங்கின் தொகையை இந்தப் பின்கட்டுத் தோட்டங்களுக்காக ஒதுக்குவீர்களானால், அடுத்த பருவத்தில் அது விதைக்கிழங்காகும். பணம் அனுப்ப இயலாதவர்கள் வீட்டில் ஒரு சாக்கிலாவது நட்டு, உங்கள் தெருவில் நெடுநாளாய்ப் படுத்திருக்கும் ஒருவர் வீட்டுக்கு முதல் புதுக் கிழங்கைக் கொண்டுபோங்கள். கூடவே, மாத்திரை ஒழுங்காய்ச் சாப்பிடுகிறாரா என்று அன்பாய் விசாரியுங்கள்.

சிகிச்சையின் நடுமாதங்களில் இருக்கும் நோயாளிகளுக்காகவும், அவர்களைத் தேடி மலைச்சரிவுகளில் ஏறி இறங்கும் எங்கள் தாதியருக்காகவும், ஏற்ற காலத்தில் மழைக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். விதைப்பும் அறுப்பும் ஒழிவதில்லை என்று நோவாவுக்கு வாக்களித்த தேவன் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் ஊழியத்தில் உங்கள் அன்புள்ள,
மருத்துவமனை ஆயர்